ஏழை வீட்டுக்குப் பசு தந்த டாக்டர் லெக்கி

சீமையிலிருந்து கப்பல் வந்து நின்றது. கப்பலில் இருந்து பசுக்களை இறக்கினார்கள். கொழுத்த உடம்பு. பானை போன்ற மடி. வாளி வாளியாகப் பால் கறக்கும் சாதி.

பார்த்தவர்கள் அதிசயப்பட்டார்கள். இனி நம் ஊரிலும் பால் ஆறாக ஓடும் என்று எண்ணினார்கள்.

முதல் ஈற்றில் பால் கறந்தது. அடுத்த ஈற்றில் குறைந்தது. அதற்கடுத்த ஈற்றுக்குப் பல பசுக்கள் உயிரோடு இல்லை!

ஜமைக்கா தீவில் இந்தக் கதை பல ஆண்டுகள் திரும்பத் திரும்ப நடந்தது. ஒவ்வொரு தடவையும் பணம் போயிற்று. பசுவும் போயிற்று.

வெப்ப நாட்டில் சீமைப் பசு ஏன் நிலைத்து நிற்பதில்லை? வெயிலையும் தாங்கி, பாலும் கொடுத்து, பல ஈற்று வாழக்கூடிய பசு கிடைக்காதா?

இந்தக் கேள்விக்குப் பதில் தேடுவதிலேயே ஒரு மனிதர் தம் வாழ்நாளைச் செலவிட்டார். அவர் பெயர் தாமஸ் பிலிப் லெக்கி. ஜமைக்கா மக்கள் அவரை டாக்டர் லெக்கி என்று அன்போடு அழைத்தார்கள்.

மலை நாட்டுப் பிள்ளை

கரிபியன் கடலில் உள்ள சிறிய தீவு ஜமைக்கா. 1655-ம் ஆண்டில் ஆங்கிலேயர் அதை ஸ்பெயின்காரர்களிடம் இருந்து பிடித்தார்கள். 1962 வரை அது அவர்கள் ஆட்சியில் இருந்தது.

தீவு முழுவதும் கரும்புத் தோட்டங்கள். தோட்டங்களில் வேலை செய்ய ஆப்பிரிக்காவிலிருந்து நீக்ரோ மக்களை அடிமைகளாகப் பிடித்து வந்தார்கள். 1838-ல் அந்த அடிமைகளுக்கு முழு விடுதலை கிடைத்தது.

ஆனால் நல்ல சமவெளி நிலம் எல்லாம் தோட்ட முதலாளிகள் கையில் இருந்தது. விடுதலை பெற்றவர்களில் ஏராளமானோர் மலைப்பக்கம் போனார்கள். செங்குத்தான சரிவுகளில் துண்டு நிலம் தேடிக் கிழங்கும் வாழையும் பயிரிட்டார்கள்.

அப்படிப்பட்ட மலை நாட்டில், போர்ட்லண்டு மாவட்டத்தில், சுவிப்ட் ரிவர் என்ற ஊரில் லெக்கி பிறந்தார். பிறந்த நாள் 1904 டிசம்பர் 31. சிறு விவசாயக் குடும்பம்.

போர்ட்லண்டு மழை கொட்டும் பிரதேசம். நீல மலைத் தொடரின் அடிவாரம். அங்கே ஏர் பூட்டி உழ முடியாது. வண்டி ஓட்டவும் முடியாது. மனிதனும் கழுதையும் சுமந்தால்தான் எந்தச் சரக்கும் சந்தைக்குப் போகும்.

இந்த மலையும் இந்த மக்களும் லெக்கியின் மனத்தில் பதிந்து போனார்கள். பிற்காலத்தில் பெரிய படிப்புப் படித்த போதும் அவர் இவர்களை மறக்கவில்லை.

பண்ணைப் பள்ளி

லெக்கி படிப்பில் கெட்டிக்காரர். 1925-ல் அவருக்கு உதவிச் சம்பளம் கிடைத்தது. சர்க்கார் நடத்திய விவசாயப் பள்ளியில் சேர்ந்தார். தலைநகரான கிங்ஸ்டனுக்குப் பக்கத்தில், ஹோப் என்ற இடத்தில் அந்தப் பள்ளி இருந்தது. சர்க்காரின் மாட்டுப் பண்ணையும் அங்கேதான் இருந்தது.

படிப்பு முடிந்ததும் கால்நடைப் பிரிவிலேயே லெக்கிக்கு வேலை கிடைத்தது. அன்று முதல் மாடும் அவரும் பிரியவில்லை.

ஹோப் பண்ணையில் 1910 முதலே ஒரு சோதனை நடந்து வந்தது. சீமைப் பசுவையும் திமில் உள்ள இந்திய மாட்டையும் கலந்து வளர்க்கும் சோதனை அது.

இந்திய மாடு ஜமைக்காவுக்கு எப்படி வந்தது? கரும்பு வண்டி இழுக்கத்தான் வந்தது! ஸ்பெயின்காரர்கள் விட்டுப்போன மாடுகள் முன்பே தீவில் இருந்தன. தோட்டத்து வேலைக்கு அவை போதவில்லை. ஆகவே, 19-ம் நூற்றாண்டில் தோட்ட முதலாளிகள் இந்தியாவிலிருந்து மைசூர் மாடு, நெல்லூர் மாடு முதலியவற்றைத் தருவித்தார்கள். கொளுத்தும் வெயிலில் அவை சலிக்காமல் பாரம் இழுத்தன. ஆனால் பால் சொற்பம்.

சீமைப் பசுவுக்குப் பால் உண்டு, உயிர் நிலைப்பதில்லை. இந்திய மாட்டுக்கு உறுதி உண்டு, பால் போதவில்லை. இரண்டு குணங்களையும் ஒரே பசுவிடம் கொண்டு வரமுடியுமா? இதுதான் ஹோப் பண்ணையின் கேள்வி.

நான்கு எதிரிகள்

சீமைப் பசுவுக்கு வெப்ப நாட்டில் நான்கு எதிரிகள் உண்டு.

முதல் எதிரி வெயில். பசுவின் வயிறு ஓர் அடுப்பு மாதிரி. தின்ற புல் உள்ளே நொதிக்கும்போது சூடு பிறக்கிறது. அதிகம் கறக்கும் பசு அதிகம் தின்ன வேண்டும். அதிகம் தின்றால் அதிகச் சூடு. குளிர் நாட்டில் இந்தச் சூடு தொல்லை இல்லை. வெப்ப நாட்டிலோ வெளியிலும் சூடு, உள்ளேயும் சூடு! பசுவுக்கு மேல்மூச்சு வாங்கும். நிழலைத் தேடி நிற்கும். தீனியைக் குறைத்துக்கொள்ளும். தீனி குறைந்தால் பால் குறையும். சினை பிடிப்பதும் தள்ளிப் போகும்.

திமில் மாட்டுக்கு மயிர் குட்டையாகவும் வழவழப்பாகவும் இருக்கும். தோல் தொளதொளவென்று தொங்கும். நன்றாக வியர்க்கும். அதனால் உடம்புச் சூடு சீக்கிரம் வெளியேறும்.

இரண்டாவது எதிரி உண்ணி. உண்ணி ரத்தத்தை உறிஞ்சுவதோடு நிற்பதில்லை. ஒரு மாட்டின் நோயை இன்னொரு மாட்டுக்குக் கொண்டு போகிறது. உண்ணிக் காய்ச்சல் வந்தால், கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் ரத்த அணுக்களை அழிக்கும். மாடு சிவப்பாக மூத்திரம் பெய்யும். சில நாட்களில் சாகும். உள்ளூர் மாடு கன்றுப் பருவத்திலேயே லேசாக நோய் கண்டு தேறிவிடுகிறது. பிறகு அந்த நோய் அதை அவ்வளவாகத் தாக்குவதில்லை. கப்பலில் வந்த வளர்ந்த பசுவுக்கு அந்தப் பழக்கம் இல்லை. முதல் தாக்குதலிலேயே விழுந்துவிடும்.

மூன்றாவது எதிரி தீனி. வெப்ப நாட்டுப் புல் மழை பெய்தால் மளமளவென்று வளரும். ஆனால் சீக்கிரம் முற்றி நாராகிவிடும். அதில் சத்துக் குறைவு. பெரிய பசுவுக்கு அந்தப் புல் போதாது. புண்ணாக்கும் தானியமும் வாங்கிப்போட ஏழையிடம் பணம் ஏது?

நான்காவது எதிரி அதன் சொந்த உடம்புதான். உடம்பு பெரிதானால் உயிரோடு இருக்கவே நிறையத் தீனி வேண்டும். மலைச்சரிவில் ஏறி இறங்கவும் அது திண்டாடும்.

முதல் ஈற்று போதாது

பால் மாடு வளர்ப்பவர்களுக்கு ஒரு கணக்குத் தெரியும்.

கிடேரிக் கன்று பிறந்து தலைச்சன் ஈற்று ஈனும் வரை செலவுதான், வரவு இல்லை. வெப்ப நாட்டில் இதற்கு மூன்று ஆண்டுகள் அல்லது அதற்கு மேலும் ஆகும். முதல் ஈற்றுப் பால் பழைய செலவை அடைக்கவே சரியாக இருக்கும். அதற்குப் பிறகு வரும் ஈற்றுகளில்தான் லாபம்.

இரண்டாவது ஈற்றோடு செத்துப்போகிற பசு எத்தனை வாளி கறந்தால் என்ன? குடும்பத்துக்கு நஷ்டம்தான். மிதமாகக் கறந்தாலும், ஆண்டுதோறும் தவறாமல் கன்று ஈன்று, ஏழெட்டு ஈற்று நிலைத்து நிற்கும் பசுதான் ஏழையைக் காப்பாற்றும்.

பெரிய பண்ணையில் ஒரு பசு செத்தால், கணக்குப் புத்தகத்தில் ஒரு வரி அடிபடும். ஒரே ஒரு பசு வைத்திருக்கும் வீட்டில் அது செத்தால், பிள்ளைகளுக்குப் பால் இல்லை. கடையில் சாமான் வாங்கக் காசும் இல்லை.

லெக்கி இந்த ஏழை வீட்டுக் கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டுதான் மாடுகளைப் பார்த்தார். மலைச்சரிவில் மேயக்கூடிய, குறைந்த தீனியில் வாழக்கூடிய சிறிய பசு வேண்டும். இதுவே அவருடைய லட்சியம் ஆயிற்று.

எந்தச் சாதி?

ஹோப் பண்ணையில் பல சீமைச் சாதிகளைத் திமில் மாட்டோடு கலந்து பார்த்தார்கள். ஹோல்ஸ்டீன், அயர்ஷயர், கெர்ன்சி, பிரவுன் சுவிஸ், ஜெர்சி என்று பல சாதிகள்.

இவற்றில் ஜெர்சிக் கலப்புதான் நன்றாகத் தேறியது. ஜெர்சி என்பது இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் நடுவே கடலில் உள்ள ஒரு சிறு தீவு. அந்தத் தீவுப் பசு சிறியது. மான் நிறம் கொண்டது. பால் கெட்டியாக இருக்கும். வெண்ணெய் அதிகம் வரும். மற்றச் சீமைப் பசுக்களைவிட அது வெயிலை நன்றாகத் தாங்கும்.

1920 வாக்கில் இந்தியாவிலிருந்து ஒரு காளை வந்தது. அது சாஹிவால் சாதிக் காளை. பஞ்சாப் பகுதியில் உள்ள மாண்ட்கோமரி மாவட்டத்து மாடு அது. அந்த ஊர் பின்னாளில் பாகிஸ்தானுக்குப் போயிற்று. சாஹிவால் என்று அதன் பெயரும் மாறிற்று.

இந்திய மாடுகளில் நன்றாகக் கறக்கும் சாதிகளில் சாஹிவாலும் ஒன்று. வண்டி இழுக்க வந்த மாடுகளுக்கும் இதற்கும் இதுவே வித்தியாசம். அந்த ஒரே காளையின் ரத்தம் ஜமைக்காவின் கறவை மாடுகளில் பரவியது. ஒரு நாட்டின் பசுக்களுக்கு உறுதியைக் கொடுத்தது அந்த ஒற்றைக் காளை!

கலப்பில் வந்த சிக்கல்

இரண்டு சாதிகளைக் கலந்தால் வேலை முடிந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மை அப்படி அல்ல.

முதல் தலைமுறைக் கலப்பு மாடு அருமையாக இருக்கும். பாலும் வரும், பலமும் இருக்கும். ஆனால் அந்தக் கலப்பு மாடுகளையே ஒன்றோடு ஒன்று சேர்த்தால் அடுத்த தலைமுறை பலவிதமாகப் போகும். ஒன்று பாட்டியைப் போல் கறக்கும். இன்னொன்று கன்று வாய் வைக்காமல் பாலே விடாது. மற்றொன்று சில மாதங்களிலேயே வற்றிவிடும்.

திரும்பவும் சீமைக் காளையையே சேர்த்துக்கொண்டு போனால் என்ன? பால் கூடும். ஆனால் வெயில் தாங்கும் சக்தி கரைந்துவிடும். பழைய ஆபத்து திரும்ப வரும்.

இரண்டுக்கும் நடுவே ஓர் இடத்தில் நிறுத்த வேண்டும். நிறுத்தியபின் அந்தக் குணம் தலைமுறை தலைமுறையாக மாறாமல் வர வேண்டும். அப்போதுதான் அதைப் புதிய சாதி என்று சொல்ல முடியும்.

இதைச் செய்ய அனுபவம் மட்டும் போதாது. படிப்பும் வேண்டும். லெக்கி மேற்படிப்புக்குப் புறப்பட்டார்.

கடல் கடந்த படிப்பு

முதலில் கனடாவுக்குப் போனார். மக்கில் பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த மக்டொனால்ட் கல்லூரியில் கால்நடை வளர்ப்புப் படித்தார். பிறகு ஒண்டாரியோ விவசாயக் கல்லூரியில் படித்துப் பட்டம் பெற்றார். ஊர் திரும்பிப் பழைய வேலையைத் தொடர்ந்தார்.

பின்னர் ஸ்காட்லாந்து சென்றார். எடின்பரோ பல்கலைக் கழகத்தில் ஆராய்ச்சி மாணவராகச் சேர்ந்தார். பரம்பரைக் குணங்களைப் பற்றிய ஆராய்ச்சிக்கு எடின்பரோ அந்நாளில் பேர் போன இடம்.

ஜமைக்காவில் பல ஆண்டுகளாகச் சேர்த்து வைத்த மாட்டுக் கணக்குகளை அங்கே அலசினார். எந்தப் பசு எவ்வளவு கறந்தது, எப்போது ஈன்றது, அதன் தாய் எது, தகப்பன் எது என்ற விவரங்கள்தான் அவருக்குச் செல்வம். 1949-ல் அவருக்கு டாக்டர் பட்டம் கிடைத்தது. வெப்ப நாட்டுக் கறவை மாடுகளின் பரம்பரைக் குணத்தை உயர்த்துவது எப்படி என்பதே அவருடைய ஆராய்ச்சி.

அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட மக்களின் வழியில் பிறந்தவர், ஆளும் நாட்டின் பெரிய பல்கலைக் கழகத்தில் டாக்டர் பட்டம் வாங்கினார். குடியேற்ற நாட்டில் உயர்ந்த உத்தியோகங்கள் எல்லாம் வெள்ளையர் கையில் இருந்த காலம் அது. இதை நினைத்தால்தான் அந்தப் பட்டத்தின் அருமை தெரியும்.

காளைக்கும் பால் கணக்கு!

காளை பால் கறக்குமா? கறக்காது. ஆனாலும் காளைக்குப் பால் கணக்கு உண்டு!

ஒரு பசு தன் வாழ்நாளில் சில கன்றுகளைத்தான் ஈனும். ஒரு பொலிகாளைக்கோ ஏராளமான கன்றுகள் பிறக்கும். ஆகவே, மந்தையின் வருங்காலம் காளையின் கையில் இருக்கிறது. காளையின் அழகைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தால் ஏமாற வேண்டியதுதான். அதன் பெண் கன்றுகள் வளர்ந்து எவ்வளவு கறக்கின்றன, எத்தனை ஈற்று நிற்கின்றன என்று பார்க்க வேண்டும். மகள்கள் நன்றாக இருந்தால்தான் தகப்பன் நல்ல காளை.

இதற்குப் பொறுமை வேண்டும். கன்று பிறக்க வேண்டும். அது வளர்ந்து சினையாக வேண்டும். ஈன்று கறக்க வேண்டும். ஒரு காளையைப் பற்றி முடிவு சொல்ல ஐந்தாறு ஆண்டுகள் ஓடிவிடும். நெருங்கிய உறவு மாடுகளைச் சேர்த்தால் கன்றுகள் நலிந்துவிடும். அதற்கும் கவனம் வேண்டும்.

டாக்டர் லெக்கி அவசரப்படவில்லை. நாள்தோறும் எழுதிய பால் கணக்கை நம்பினார். வெயிலிலும் உண்ணியிலும் தப்பிப் பிழைத்து, உள்ளூர்ப் புல்லைத் தின்று, நன்றாகக் கறந்த மாடுகளின் வாரிசுகளைப் பொறுக்கி எடுத்தார். கறவை மந்தை ஓல்டு ஹார்பருக்குப் பக்கத்தில் உள்ள போடில்ஸ் பண்ணைக்கு மாறியது. அங்கே வேலை தொடர்ந்தது.

புதிய சாதி பிறந்தது

1952-ம் ஆண்டு. ஜமைக்காவின் புதிய பசு தனிச் சாதியாக ஏற்றுக்கொள்ளப்பட்டது. அதற்கு ஜமைக்கா ஹோப் என்று பெயர் வைத்தார்கள்.

அதன் உடம்பில் ஓடுவது நூற்றுக்கு 80 பங்கு ஜெர்சி ரத்தம். 15 பங்கு சாஹிவால். மீதி 5 பங்கு ஹோல்ஸ்டீன். சுமார் 40 ஆண்டு உழைப்பின் பலன் அது.

ஓர் ஈற்றில் சராசரியாக 2,500 கிலோ வரை பால் கறந்தது. பாலில் ஏறக்குறைய நூற்றுக்கு 5 பங்கு கொழுப்பு. சீமையில் ராஜபோகமாக வளரும் பசு இதைவிட அதிகம் கறக்கும். ஆனால் வெப்ப நாட்டுப் புல்லை மேய்ந்து, உண்ணிக்கும் வெயிலுக்கும் ஈடுகொடுத்து இவ்வளவு கறப்பது பெரிய காரியம்.

ஜமைக்காவில் பால் பண்ணைகள் பெருகின. சிறு விவசாயிகளும் பசு வளர்த்தார்கள். அக்கம் பக்கத்துக் கரிபியன் தீவுகளும், லத்தீன் அமெரிக்க நாடுகளும் ஜமைக்கா ஹோப் மாடுகளை வாங்கின. சீமையிலிருந்து மாடு வாங்கிய தீவு, வெளிநாட்டுக்கு மாடு விற்றது!

லெக்கி பாலோடு நிற்கவில்லை. இறைச்சி மாடுகளிலும் கவனம் செலுத்தினார். ஜமைக்கா ரெட், ஜமைக்கா பிளாக், ஜமைக்கா பிராமன் ஆகிய சாதிகள் உருவானதிலும் அவருக்குப் பெரிய பங்கு உண்டு.

1962-ல் ஜமைக்கா சுதந்திரம் அடைந்தது. 1978-ல் அந்நாட்டின் மிக உயர்ந்த விருதுகளில் ஒன்றான ஆர்டர் ஆப் மெரிட் விருதை அவருக்குக் கொடுத்தார்கள். 1994-ல் டாக்டர் லெக்கி காலமானார். மாடுகளோடு வாழ்ந்த தம் வாழ்க்கையை அவரே எழுதி வைத்திருந்தார். அவர் மறைந்தபின் அது புத்தகமாக வெளிவந்தது.

வேறொரு எதிரி

வெயிலை வென்ற பசுவுக்குப் பின்னால் வேறொரு எதிரி வந்தது. அது பால் பவுடர்!

1990-களில் ஜமைக்கா தன் சந்தையை வெளிநாட்டுச் சரக்குகளுக்குத் திறந்துவிட்டது. பணக்கார நாடுகளில் சர்க்கார் மானியம் பெற்ற பால் பவுடர் மலிவு விலையில் வந்து இறங்கியது. உள்ளூர்ப் பாலை வாங்க ஆள் குறைந்தது. பல பண்ணைகள் மூடப்பட்டன. கறக்கும் பசுக்களை இறைச்சிக்கு அனுப்பிய பண்ணைக்காரர்களும் உண்டு.

உண்ணியும் வெயிலும் பசுவின் ஆயுளைக் குறைப்பது போலவே, விலையும் அதன் ஆயுளைக் குறைக்கும். நல்ல சாதிப் பசு, நல்ல தீனி, நோய்க் காப்பு ஆகிய மூன்றும் இருந்தாலும், பாலுக்குக் கட்டுப்படியாகும் விலை இல்லாவிட்டால் தொழுவம் காலிதான். லெக்கி பாடுபட்டுச் சேர்த்த மந்தை சுருங்கியது. ஆனால் சாதி அழிந்துவிடவில்லை. போடில்ஸ் பண்ணையில் ஜமைக்கா ஹோப் மாடுகளைக் காப்பாற்றி வருகிறார்கள்.

இப்போது வெப்ப நாடுகளில் மட்டும் அல்ல, உலகம் முழுவதுமே வெயில் ஏறி வருகிறது. வெயில் தாங்கும் கறவை மாடு வேண்டும் என்று பல நாட்டு விஞ்ஞானிகள் தேடுகிறார்கள். லெக்கி அந்தத் தேடலை அவர்களுக்கு முன்பே தொடங்கியவர்.

ஹோப் என்ற ஆங்கிலச் சொல்லுக்கு நம்பிக்கை என்று அர்த்தம். ஆனால் பண்ணைக்கு அந்தப் பெயர் வந்தது, ஜமைக்காவைப் பிடித்த ஆங்கிலப் படையில் இருந்த ரிச்சர்டு ஹோப் என்ற அதிகாரியால். அவருக்குக் கிடைத்த நிலம் அது. அந்தப் பெயரைப் பசுவுக்கு வைத்து, ஏழை வீட்டுத் தொழுவத்தில் கொண்டுபோய்க் கட்டினார், மலை நாட்டில் பிறந்த டாக்டர் லெக்கி.